கேட்டுக்கு வெளியே ஒரு பெயர்

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒரே வாரத்தில் எங்கள் பிரிவை மூடினார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த அன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அங்கே இருந்தேன் என்பதை நான்கு வரியில் சொல்லும் அனுபவச் சான்றிதழோடு வாலாஜாபேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த நான்கு வரிக்குள் என் வேலை இல்லை. தோலை வெட்டும் கிளிக்கிங் பிரிவிலிருந்து வரும் துண்டை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்த்தே, அது முதுகுப் பகுதியில் வெட்டியதா, வயிற்றுப் பகுதியில் வெட்டியதா என்று சொல்லிவிடுவேன். வயிற்றுப் பகுதித் தோலுக்கு இழுவை அதிகம். அதைக் காலணியின் முன்பக்கத்துக்குப் போட்டுவிட்டால், மேல்தோலை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங்கில் தளர்ந்து, அணிந்து நடக்க நடக்க மடிப்பு விழும். ஸ்கைவிங்கில் ஓரத்தைப் போதிய அளவு சீவாமல் விட்டால் தையல் தடித்துக் காலை உறுத்தும். இதையெல்லாம் நான் அறிந்தவள் என்பது கேட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். கேட் மூடியதும் அந்தப் பெயரும் உள்ளேயே தங்கிவிட்டது.

வேலை தேடுகிறவர்கள் 'பர்சனல் பிராண்டு', அதாவது தங்கள் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ஒரு தனி அடையாளம், உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997இல் பரவலாக்கிய கருத்து அது. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை; தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதற்கு நாகரிகமான பெயர் என்றே நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது வேலூர் நேதாஜி மார்க்கெட். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கும்போது, கடைக்காரர் என்ன சொன்னாலும், என் அம்மா காம்பைக் கட்டைவிரலால் தடவி முள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூடையில் போடுவார். காய் தன் அடையாளத்தைத் தன் மேலேயே வைத்திருக்கிறது. என்னைப் பார்த்திராத ஒருவர் அப்படித் தொட்டுப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை.

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டின் தளத்தில் என் பக்கத்தில் பெயருக்குக் கீழே உள்ள இடத்தில் 'வேலை தேடுகிறேன்' என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டு, 'தோல் காலணித் தரப் பரிசோதனை, 11 ஆண்டுகள். கிளிக்கிங் முதல் ஃபினிஷிங் வரை' என்று எழுதினேன். 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றக் கூடியவர்' போன்ற சொற்கள் எல்லோருடைய பயோடேட்டாவிலும் இருப்பதால், அவை யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பிறகு வாரம் ஒரு குறைபாட்டை எடுத்து, ஒரு படமும் ஐந்தாறு வரியுமாக, அது எதனால் வருகிறது, எந்தக் கட்டத்தில் பிடிக்கலாம் என்று எழுதத் தொடங்கினேன். முதலில் தமிழில் எழுதி, அதையே ஆங்கிலத்திலும் போட்டேன். படத்துக்குக் கழிவுத் தோல் விற்கும் கடையில் வாங்கிய துண்டுகளையே பயன்படுத்தினேன். பழைய தொழிற்சாலையின் மாதிரிகள் என் போனில் இருந்தன. ஆனாலும் அவை வாடிக்கையாளரின் சொத்து. அவற்றைப் போட்டுப் பெயர் வாங்கினால், நாளை நம்முடையதையும் இவர் போடுவார் என்றுதான் வேலை தருகிறவர் நினைப்பார். அப்படி நினைப்பது நியாயமும்கூட.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் பத்தே நாளில் பலன் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு தயாரிப்பு மேலாளர் அழைத்தார். ஸ்கைவிங் பற்றி நான் எழுதியதை, என்னோடு முன்பு வேலை செய்த ஒருவர் அவருக்கு அனுப்பியிருந்தார். நம் பக்கத்தில், வாணியம்பாடி முதல் மேல்விஷாரம் வரை, 'ஆள் இருந்தால் சொல்லுங்கள்' என்ற ஒரு வார்த்தையில்தான் பாதி வேலைகள் கைமாறுகின்றன. அந்த வார்த்தையைக் கேட்கிறவர் நம் பெயரோடு சேர்த்துச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும். நான் எழுதி வைத்தது அதற்குத்தான் உதவியது. இன்று அந்த ஆம்பூர்த் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பெண் ஒருத்தி, "எனக்கு அனுபவமே இல்லையேக்கா, நான் எதை எழுதுவது?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா சிப்காட் பக்கத்தில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் இவளும் அங்கே நிற்பாள். எந்த வேலை வந்தது, என்ன அளவு, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதிலிருந்தே தொடங்கு என்றேன்.

நேற்று இரவு முதல் பதிவை எனக்கு அனுப்பியிருந்தாள். எண்ணெய் படிந்த பலகையின் மேல் புஷ் எனப்படும் ஒரு பித்தளை வளையம், பக்கத்தில் அளவு பார்க்கும் வெர்னியர். கீழே, இரண்டு முறை அளவு தவறி, மூன்றாவது முறை சரியாக வந்தது என்றும், தவறியதற்குக் காரணம் டூல் முனை மழுங்கியிருந்தது என்றும் எழுதியிருந்தாள். தவறிய வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.