லாங்யியர்பியன் நாட்குறிப்பு: சுரங்கம் மூடிய கோடை

ஆகஸ்ட் 10, 2025

விடுதி வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொன்னார்கள். நம் வீட்டு வழக்கம் மாதிரியே இருக்கிறதே என்று மனசு இளகிவிட்டது. இங்கே அது கரித்தூசியால் வந்த பழக்கம். சுரங்கத்திலிருந்து திரும்புகிறவர் பூட்ஸோடு நுழைந்தால் வீடு முழுக்கக் கறுத்துப்போகும். ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளில், நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் ஜூன் 30-ஆம் தேதி மூடப்பட்டது. இதே தீவுகளில் இன்னொரு ஊரான பேரன்ட்ஸ்பர்க்கில் ரஷ்யர்கள் இன்னும் வெட்டுகிறார்கள். லாங்யியர்பியனில் இனி எந்தக் காலிலும் கரி ஒட்டாது, ஆனாலும் எல்லோரும் கழற்றுகிறார்கள்.

இரவு பதினொன்றரை. வெளியே பட்டப்பகல் வெளிச்சம். தூக்கம் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

காலையில் கல்லறைக்குப் போனேன். சரிவில் வெள்ளைச் சிலுவைகள். 1918-இல் வேலை தேடிக் கப்பலில் வந்து, உலகமெங்கும் பரவிய ஸ்பானிய ஃப்ளூ காய்ச்சலில் செத்த ஏழு இளைஞர்கள் இங்கேதான் கிடக்கிறார்கள். எண்பது வருஷம் கழித்து, 1998-இல், உறைமண்ணில் அந்தக் கிருமி மிஞ்சியிருக்குமா என்று பார்க்க கனடா ஆய்வாளர் கிர்ஸ்டி டங்கனின் குழு இவர்கள் குழிகளைத் தோண்டியது. சம்பளத்துக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் வெட்ட வந்த மண்ணில் கடைசியில் அவர்களையே தோண்டினார்கள். அங்கே வெகுநேரம் நின்றிருந்தேன்.

மேலே மலையில் பழைய ரோப்வேயின் மரத்தூண்கள். இங்கே கரி மலையின் வயிற்றில் உயரத்தில் இருக்கிறது. அதனால் சுரங்கவாய்களும் மேலே. வெட்டிய கரி தொங்கு வாளிகளில் துறைமுகம் வரை போனது. 1946-க்கு முந்தைய எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். துருப்பிடித்த ஆணி, உடைந்த பலகை எல்லாமே பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. பிரசவத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே நார்வே நிலப்பகுதிக்குப் போய்விட வேண்டும். முதுமையில் கவனிக்க ஆள் வேண்டும் என்றால் அப்போதும் கிளம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 12

மூன்றாம் எண் சுரங்கம். 1996-இல் மூடியது, இப்போது ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். கரிப்படிவத்தின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. நானும் தவழ்ந்து பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் முழங்கால் எரிந்தது. படுத்தபடியே ஒரு ஷிப்ட் முழுக்க வேலை செய்த உடம்புகளை நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஊரையே உண்டாக்கியது கம்பெனிதான். அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யியர் 1906-இல் தொடங்கியதை, 1916-இல் ஸ்டோரே நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனி வாங்கியது. வீடும் கடையும் அவர்களுடையது. 1980 வரை இங்கே புழங்கிய நோட்டைக்கூட அவர்கள்தான் அச்சடித்தார்கள். 1975-இல் விமான நிலையம் வரும்வரை, குளிர்காலத்தில் கடல் உறைந்தால் வெளியே போக அநேகமாக வழியில்லை.

ஆகஸ்ட் 14 – நி-ஓலேசுண்ட்

படகில் வடக்கே. கரை சேருமுன் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கச் சொன்னார்கள், ஆய்வுக் கருவிகளுக்குத் தொந்தரவாம். இன்று இது விஞ்ஞானிகளின் ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இங்கே இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டைக் கண்டது மாதிரி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பழைய கையெழுத்து இருக்கிறது. 1920 ஜனவரி 3-ஆம் தேதி லாங்யியர்பியனின் முதல் சுரங்கம் வெடித்து 26 பேர் செத்தார்கள். சரியாக 37 நாள் கழித்து, பாரிஸில் ஸ்வால்பார்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இந்தியாவும் அதில் உண்டு. தீவுகள் நார்வேக்கு, தொழில் செய்யும் உரிமை கையெழுத்திட்ட எல்லோருக்கும் சமம். எங்கோ ஒரு மேஜையில் நாடுகள் பங்கு பிரித்த வாரங்களில், லாங்யியர்பியனில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊரும் கரிக்காகவே பிறந்தது. சுரங்கம் அரசாங்கக் கம்பெனியான கிங்ஸ் பே உடையது. 1948, 1952, 1953 என்று மூன்று வெடிப்புகளில் 43 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் மறுபடி திறந்தார்கள். 1962 நவம்பர் 5-ஆம் தேதி இன்னொரு வெடிப்பு, 21 பேர். விசாரணை அறிக்கை வந்ததும் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, 1963 ஆகஸ்டில் பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சனின் அரசு கவிழ்ந்தது. ஒரே மாதத்தில் அவரே திரும்பி வந்துவிட்டார். சுரங்கம்தான் திரும்பத் திறக்கவில்லை. 43 சாவுகளுக்கு அசையாத அரசு அடுத்த 21-க்கு அசைந்தது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. 1953-லேயே மூடியிருந்தால் அந்த 21 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

கரையோரம் பழைய குட்டி ரயில் எஞ்சின் பெட்டிகளோடு நிற்கிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். எடுத்த பிறகு எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 15

கிளம்பும் நாள். போகிற வழியில் மின்நிலையப் புகைபோக்கி. 2023 அக்டோபரில் கரியிலிருந்து டீசலுக்கு மாறிவிட்டார்கள். பக்கத்து மலையில் கரி இருக்கிறது, டீசல் கப்பலில் வருகிறது. காற்றுக்கு நல்லதுதான், எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனாலும் விடுதியில் காலணி அலமாரிக்கு முன் குனிந்து என் பூட்ஸைத் தேடும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் எண் சுரங்கத்தின் தூசி கொஞ்சம் பள்ளங்களில் அப்படியே இருந்தது. துடைக்காமல் போட்டுக்கொண்டேன்.