பென்சில் டிக் போட்ட வரி

பொண்ணு பொறந்து ரெண்டு வாரம் இருக்கும், சித்தி பாக்க வந்தப்போ அவங்க பத்திரமா வச்சிருந்த ஒரு பழைய புத்தகத்த கொண்டு வந்து குடுத்தாங்க. அமெரிக்க குழந்தைகள் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதின குழந்தை வளர்ப்பு புத்தகம், 1950கள் கடைசில வந்த பதிப்பு, சித்திக்கே வேற யாரோ குடுத்தது. அட்டை பிஞ்சு போய் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாயிருந்துச்சு. "இத வச்சுதாண்டி ரெண்டு பேரையும் வளத்தேன், நீயும் படி"ன்னாங்க.

ராத்திரி மூணு மணிக்கு பால் குடுத்துட்டே ஒரு கையால பக்கத்த பொரட்டிட்டு இருந்தேன். தூக்கத்த பத்தின பகுதியில ஒரு பாராவுக்கு பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு டிக். என்னன்னு பாத்தா, குழந்தைய ஆரம்பத்துலேர்ந்தே குப்புற படுக்க வச்சு பழக்கறது நல்லதுன்னு இருக்கு. மல்லாக்க படுத்திருக்கும்போது வாந்தி எடுத்தா தொண்டைல அடைச்சுக்கலாம், தலைய ஒரே பக்கமா திருப்பி வச்சுக்கிட்டா மண்டை அந்தப் பக்கம் தட்டையாயிடலாம்னு காரணமும் சொல்லிருக்கார். படிக்க ரொம்ப நியாயமா இருக்கு, அன்பா வேற சொல்றார். ஆனா எங்க டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினது, எப்பவும் மல்லாக்கதான் போடணும், குப்புற போடவே கூடாதுன்னு. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. பக்கத்துல தொட்டில்ல இருந்த பொண்ண எழுந்து போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துதான் மிச்சத்த படிச்சேன்.

ஸ்பாக்க திட்டறதுக்காக இத எழுதல, அத முதல்லயே சொல்லிடறேன். அவர் புத்தகம் 1946ல 25 சென்ட் பேப்பர்பேக்கா வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1928ல ஜான் வாட்சன்னு ஒரு உளவியல்காரர் எழுதின குழந்தை வளர்ப்பு புத்தகமும் நல்லா வித்துச்சு. அதுல குழந்தைய கட்டிப்பிடிக்காதீங்க முத்தம் குடுக்காதீங்க, காலைல எழுந்ததும் கை குலுக்குங்கன்னு இருக்கு! அத படிச்சு எத்தன அம்மாங்க கைய கட்டிக்கிட்டு அழற குழந்தைய பாத்துட்டே நின்னிருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது. அப்படி ஒரு காலத்துக்கு அப்புறம் ஒரு டாக்டர் வந்து, உங்கள நீங்க நம்புங்க, நீங்க நினைக்கறத விட உங்களுக்கு நிறைய தெரியும்னு சொல்லி புத்தகத்த ஆரம்பிச்சார்னா, ஜனங்க ஏன் அப்படி வாங்கினாங்கன்னு புரியுது. 1998ல அவர் இறந்தப்போ கிட்டத்தட்ட 5 கோடி பிரதி வித்திருந்துச்சு.

அந்த ஒரு பாராவும் அதே புத்தகத்துல ஏறித்தான் ஊரெல்லாம் போச்சு. குப்புற படுக்க வைக்கறதுக்கும் தொட்டில் மரணத்துக்கும், அதாவது நல்லா இருந்த குழந்தை தூக்கத்துலயே போயிடறதுக்கும், தொடர்பு இருக்குன்னு பின்னாடி தெரிய வந்து, 1994ல அமெரிக்கால மல்லாக்க படுக்க வைங்கன்னு பெரிய பிரச்சாரமே நடந்துச்சு, சாவு எண்ணிக்கை பாதிக்கு மேல கொறஞ்சுது. 2005ல வந்த ஒரு ஆய்வு பழைய தரவையெல்லாம் திரும்ப தொகுத்து பாத்துட்டு சொன்னதுதான் என்னால தாங்க முடியல. 1970லயே இருந்த ஆய்வுகள ஒழுங்கா சேத்து பாத்திருந்தா இது அப்பவே தெரிஞ்சிருக்கும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் சேத்து குறைஞ்சது 50,000 குழந்தைங்க பொழச்சிருக்கலாமாம். ஸ்பாக் மட்டும் இல்ல, அன்னைக்கு நிறைய டாக்டருங்க அதத்தான் சொன்னாங்க. ஆனா வீட்டுக்கு வீடு அத கொண்டு போய் சேத்ததுல இந்த புத்தகத்துக்கு பெரிய பங்கு உண்டு.

அதுக்கப்புறம் நான் பழைய பெஸ்ட்செல்லர்கள படிக்கற விதமே மாறிடுச்சு. பொண்ணு தூங்கற நேரத்துல பத்து வருஷத்துக்கு ஒண்ணா, கதையில்லாத நிஜ விஷயங்கள பத்தின நான்-ஃபிக்‌ஷன எடுத்து படிக்க ஆரம்பிச்சேன், ஒரே ஒரு கேள்விய வச்சுக்கிட்டு. கோடி பேர் நம்பப் போற ஒரு வரிய எழுதும்போது இவங்க எவ்ளோ பாத்து எழுதினாங்க, தப்புன்னு தெரிஞ்சப்போ என்ன பண்ணாங்க?

1930கள்ல டேல் கார்னகி. மனுஷங்க கிட்ட எப்படி பழகணும்னு அவர் எழுதின புத்தகம் 1936ல வந்துச்சு, பொருளாதார மந்தத்துல வேலை போன ஜனங்க இன்டர்வியூல நாலு வார்த்த ஒழுங்கா பேச வராதான்னு தவிச்சிட்டிருந்த நேரம். அவர் 1912லேர்ந்து மேடைப்பேச்சு வகுப்பு எடுத்திட்டிருந்தவர், வகுப்புக்கு வந்த பதிப்பகத்துக்காரர் ஒருத்தர் விடாப்பிடியா கேட்டு, அவர் பேசறத சுருக்கெழுத்துல எழுத வச்சுதான் புத்தகமாச்சு. அதனாலதான் இன்னைக்கு படிச்சாலும் எதிர்ல ஒருத்தர் நின்னு பேசற மாதிரியே இருக்கு. 1981ல திருத்தின பதிப்பு வந்தப்போ கல்யாண வாழ்க்கைக்கு ஏழு விதிகள்னு இருந்த பகுதியையே எடுத்துட்டாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது.

நான் ரொம்ப நாள் விடாம வச்சிருந்தது 1960கள்தான், ரேச்சல் கார்சனோட "சைலன்ட் ஸ்பிரிங்", 1962. பூச்சிக்கொல்லிய கண்மண் தெரியாம அடிச்சா பறவை, மீன், கடைசில மனுஷன் வரைக்கும் என்ன ஆகுதுன்னு சொல்ற புத்தகம். அவங்க கடல் உயிரியல் படிச்சு அரசாங்க வேலைல இருந்தவங்க, ஏற்கனவே 1951ல கடல பத்தி எழுதின புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல 86 வாரம் இருந்துச்சு, அந்த பேர வச்சுக்கிட்டு எத எழுதினாலும் வித்திருக்கும். அப்படிப்பட்டவங்க என்ன பண்ணாங்கன்னா, கதை மாதிரி ஓடற புத்தகத்தோட கடைசில ஐம்பது பக்கத்துக்கு மேல ஆதாரம் மட்டும் குடுத்திருக்காங்க. நான் அந்த பக்கங்கள ஒவ்வொண்ணா பொரட்டினேன். பொடி எழுத்துல, எந்த பக்கத்துல எந்த வரிக்கு எந்த ஆய்வுன்னு வரிசையா போட்டிருக்கு. எழுதிட்டிருக்கும்போதே மார்பக புற்றுநோய், ரேடியேஷன் வேற நடந்திட்டிருந்துச்சு. எதிர்ப்பு எப்படி வரும்னு தெரிஞ்சே ஒரு வரி கூட பிடி குடுக்காம எழுதிருக்காங்க. அதே மாதிரி வந்துச்சு, ரசாயன கம்பெனிங்க பெரிய அளவுல எதிர்த்தாங்க. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட அறிவியல் ஆலோசனைக் குழு 1963ல பாத்துட்டு அவங்க சொன்னதுல பெரும்பகுதி சரின்னு அறிக்கை குடுத்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல, 56 வயசுல போயிட்டாங்க. அமெரிக்கால டிடிடிங்கற பூச்சிக்கொல்லிய தடை பண்ணது 1972ல, அத பாக்க அவங்க இல்ல. இன்னொண்ணு, பூச்சிக்கொல்லியே கூடாதுன்னு அவங்க சொன்னதா இன்னைக்கும் நிறைய பேர் சொல்றாங்க, அது தப்பு. அப்படி சொல்லலன்னு அவங்களே புத்தகத்துல எழுதிருக்காங்க.

1970கள்ல டயட், ஓட்டம், உன்னை நீ அறின்னு ஒரே உடம்பும் மனசுமா இருக்கு. அதுல ஜிம் ஃபிக்ஸ் 1977ல எழுதின ஓட்டப் புத்தகம் மனச விட்டு போகவே மாட்டேங்குது. சிவப்பு அட்டைல ஓடற ரெண்டு கால், அது அவரோட காலேதான். பத்து லட்சம் பிரதிக்கு மேல வித்துச்சு. 1984ல ஓடப் போன எடத்துலயே மாரடைப்புல இறந்துட்டார், வயசு 52. பாத்தீங்களா ஓட்டத்தால வந்த வினைன்னு பேசினவங்க நிறைய. ஆனா அவர் அப்பாவுக்கு 35 வயசுலயே மாரடைப்பு வந்து 43ல போயிட்டார். ஃபிக்ஸும் முப்பதுகள்ல குண்டா, தினம் ரெண்டு பாக்கெட் சிகரெட் பிடிச்சிட்டு இருந்தவர், ஓட ஆரம்பிச்சு அதையெல்லாம் விட்டவர். அந்த ஓட்டம் அவருக்கு சில வருஷத்த கூட்டித்தான் குடுத்திருக்கும்னு நான் நினைக்கறேன். ஓடறவங்களும் நெஞ்ச டெஸ்ட் பண்ணிக்கணும்ங்கறது மட்டும் அந்த சாவுக்கு அப்புறம்தான் நிறைய பேர் மண்டைல ஏறுச்சு.

80கள்ல எனக்கு பிடிச்ச விஷயம் இயற்பியல்காரர் ஸ்டீபன் ஹாக்கிங் பிரபஞ்சத்த பத்தி எழுதின புத்தகத்துக்கு பின்னாடி இருந்த உழைப்பு. 1988ல வந்துச்சு, 1985லயே தொண்டைல ஆபரேஷன் பண்ணி அவருக்கு குரல் போயிடுச்சு. அதோட அவர் அனுப்பின பிரதிய படிச்சுட்டு எடிட்டர் இது புரியல அது புரியலன்னு பக்கம் பக்கமா கேள்வி அனுப்பிட்டே இருந்தாராம், ஹாக்கிங்கும் சலிக்காம திருப்பி திருப்பி எழுதினார். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும்னு யாரோ சொன்னாங்கன்னு கடைசில ஒண்ணே ஒண்ணத்தான் வச்சார், ஐன்ஸ்டைனோடது. வாங்கினவங்க முழுசா படிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் முழுசா படிச்சேன், ரெண்டு அத்தியாயம் மூணு தடவ.

90கள்ல தன்னம்பிக்கை புத்தகங்க நிறைய, சிலது ஆறுதலா இருந்துச்சு, சிலத பாதில வச்சுட்டேன்.

2011ல, மனுஷங்க எப்படி யோசிச்சு முடிவெடுக்கறாங்கன்னு உளவியல்காரர் டேனியல் கானமன் எழுதின புத்தகம். நோபல் வாங்கினவர். அதுல ஒரு அத்தியாயத்துல பெரும்பகுதி, சின்னச்சின்ன வார்த்தைகளும் படங்களும் நமக்கு தெரியாமலே நம்ம நடத்தைய மாத்துதுங்கற ஆய்வுகள பத்தி, இத நம்பாம இருக்க முடியாதுங்கற அளவுக்கு எழுதிருந்தார். அப்புறம் அந்த மாதிரி ஆய்வுகள திரும்ப செஞ்சு பாத்தா நிறைய தேறல. 2017ல ஒரு வலைப்பதிவுல வந்த விமர்சனத்துக்கு கீழ அவரே வந்து, சின்ன ஆய்வுகள நான் அளவுக்கு மீறி நம்பிட்டேன்னு பதில் எழுதினார். அவ்ளோ வயசுல, அவ்ளோ பேர் வாங்கினதுக்கப்புறம், தப்ப ஒத்துக்கிட்டு எழுதினார் பாருங்க, எனக்கு அந்த பதில படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஏற்கனவே வித்த லட்சக்கணக்கான பிரதில அந்த அத்தியாயம் அப்படியேதான் இருக்கு, அத எடுத்து படிக்கறவங்களுக்கு இந்த பதில் எப்படி போய் சேரும்?

போன மாசம் சித்தி கிட்ட கேட்டேன், அந்த டிக் நீங்க போட்டதான்னு. இல்லடி, எனக்கு வரும்போதே இருந்துச்சுன்னாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ரெண்டு பேரையும் அப்படித்தான் படுக்க வச்சேன்"னாங்க. நான் ஒண்ணும் சொல்லல, அவங்க கைய பிடிச்சுக்கிட்டேன்.

இப்போ என் ஃப்ரெண்டுக்கு குழந்தை பொறக்கப் போகுது, புத்தகத்த கேட்டிருக்கா. நேத்து ராத்திரி உக்காந்து அந்த பாராவுக்கு குறுக்கா பேனால ஒரு கோடு போட்டு, பக்கத்துல "மல்லாக்க மட்டும், இப்போ இதான்"னு எழுதி வச்சிருக்கேன். டிக்க அழிக்கல.