தையலுக்கு முன்னும் பின்னும்

கர்ப்பப்பையை எடுத்து வீட்டுக்குப் போன பெண் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வந்து, "ஒன்னுக்கு தன்னால ஒழுகிட்டே இருக்கு மேடம்" என்றால், இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை எழுதி அனுப்பக் கூடாது. ஆபரேஷனில் சிறுநீர்ப்பையில் பட்ட காயமோ, தையலில் சிக்கிய சதையோ ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகி, யோனிப் பக்கம் ஓட்டை விழ அவ்வளவு நாளாகும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த இடம் ஒட்டிக் கிடப்பதால் ஆபத்து அதிகம்.

யோனிக்குள் வரிசையாக மூன்று பஞ்சு வைத்து, கதீட்டர் (சிறுநீர் வடியப் போடும் டியூப்) வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் செலுத்துவோம். சற்று நடந்துவிட்டு வரச் சொல்லி எடுத்துப் பார்த்தால், மேல் பஞ்சில் நீலம் இருந்தால் ஓட்டை சிறுநீர்ப்பையில். நிறமில்லாமல் நனைந்திருந்தால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால் சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடுவோம்.

சின்ன ஓட்டை சில வாரம் கதீட்டர் போட்டாலே மூடக்கூடும். மற்றவர்களுக்குப் புண் ஆறி வீக்கம் வற்ற, பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறோம். நமக்கு அது கேஸ் ஷீட்டில் ஒரு வரி. அவர்கள் தனிப்பாயில் படுக்கிறார்கள், பஸ் ஏறுவதில்லை, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. ஈரம் குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர் அடர்ந்து தொடையெல்லாம் வெந்துபோகிறது. "தண்ணியைக் குறைக்காதீங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓட்டை கீழே இருந்தால் யோனி வழியாக, மேலே எட்டாத இடத்தில் இருந்தால் வயிற்றைத் திறந்து தைப்போம். இழுவிசை இல்லாமல் தைத்து, இரண்டு தையல் வரிசைக்கும் நடுவே கொழுப்புத் திசுவை வைப்போம். முதல் தடவை செய்வதுதான் நல்ல வாய்ப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் கதீட்டர் டியூப்தான். அது அடைத்தால் சிறுநீர்ப்பை உப்பி, தையல் விட்டுப்போகும். 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் இந்த ஆபரேஷனை அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்கள்மேல், மயக்க மருந்தில்லாமல், திரும்பத் திரும்பச் செய்துதான் கற்றார். அவரும் வெள்ளிக் கம்பித் தையலோடு கதீட்டரையும் நம்பினார். அந்தப் பெண்களின் வலிக்கு நாங்கள் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

எங்கள் வார்டில் நைட் டியூட்டி சிஸ்டர்கள் தூங்குபவரின் தொடைக்கடியில் கைவிட்டு, டியூப் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். டியூபிலிருந்து சிறுநீர் சேரும் பையைக் கட்டில்மேல் தூக்கி வைக்கும் உறவினரை அதட்டவும் செய்வார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவில்லை என்றால்தான் டியூபை எடுப்போம்.

டிஸ்சார்ஜ் அன்று கணவரையும் உட்கார வைத்துப் பேசுவேன். இது ஒட்டிக்கொள்ளும் நோயில்லை, ஆபரேஷனால் வந்தது, மூன்று மாதம் தாம்பத்தியம் வேண்டாம் என்று. அந்த மனைவி கேட்கும்படியே சொல்வேன்.