காலியாகிப்போன மாவட்டத்தில் சைக்கிள்: க்ரூஸ் பக்கத்து வெள்ளைச் சாலைகள்

பிரான்ஸில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது லுவார் ஆற்றங்கரை, ப்ரொவான்ஸ், தெம்பு இருந்தால் ஆல்ப்ஸ். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஜூலையில் லுவார் கரைக்குப் போனால் குழந்தைகளை இழுவண்டியில் உட்காரவைத்துப் போகும் குடும்பங்களுக்கு நடுவே மணி அடித்துக்கொண்டே போக வேண்டும், ப்ரொவான்ஸில் கார் தொல்லை, ஆல்ப்ஸின் பேர்போன ஏற்றங்களில் கோடை முழுக்க மோட்டார் சைக்கிள்கள் காதைக் கிழிக்கும். நல்ல தார்ச்சாலை வேண்டும், அதில் வண்டியே வரக்கூடாது என்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: க்ரூஸ்.

நடு பிரான்ஸில், லிமோஜ் நகருக்குக் கிழக்கே இருக்கிற மாவட்டம் இது. பாரிஸ்காரர்களிடம் போகிறேன் என்று சொன்னால் 'அங்கே என்ன இருக்கிறது?' என்பார்கள். ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் போகிறோம். சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர் சொச்சம்தான் இருக்கிறார்கள். 1851 இல் இங்கே ஏறக்குறைய 2,87,000 பேர் இருந்தார்கள், இப்போது 1,15,000 அளவில்தான். கருங்கல் பூமி, விளைச்சல் போதாது, அதனால் ஆண்கள் வசந்த காலத்தில் கிளம்பி பாரிஸுக்குக் கொத்து வேலைக்குப் போய், குளிர்காலத்துக்குத் திரும்பி வருவார்கள். பாரிஸின் பல தெருக்கள் க்ரூஸ் கொத்தனார்கள் கட்டியவை. அவர்களில் ஒருவரான மார்த்தேன் நதோ, 1815 இல் இங்கே ஒரு குக்கிராமத்தில் பிறந்து, கொத்துக்கரண்டி பிடித்து, பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். ரயில் வந்த பிறகு போனவர்கள் திரும்புவது குறைந்தது, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்புறம் முதல் உலகப் போர். அதற்கும் அப்புறம் டிராக்டர்.

மனிதர்கள் போய்விட்டார்கள், சாலைகள் போகவில்லை. நான்கே வீடு இருக்கிற ஒரு மூலைக்கும் தபால் வண்டி போக வேண்டும், மாட்டு லாரி போக வேண்டும், பள்ளிக்கூட வேன் போக வேண்டும். அதனால் மாவட்டமும் ஊராட்சிகளும் இன்னும் அந்தச் சாலைகளுக்குத் தார் போட்டுப் பராமரித்துக்கொண்டிருக்கின்றன. மூன்று லட்சம் பேருக்குத் தேவைப்பட்ட சாலைப் பின்னல் ஐந்தில் இரண்டு பங்கு ஆட்களுக்குக் கிடைத்திருக்கிறது. இவ்வளவு அமைதி சைக்கிள்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதுதான் கணக்கு. பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தாண்டிப் போகும்போது அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை, அதற்காக சந்தோஷம் குறைகிறதா என்றால், இல்லை.

சரி, சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் வழி காட்டும் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம், 'அமைதியான வழி' என்று கேட்டால் காட்டுக்குள் டிராக்டர் தடத்தில் கொண்டுபோய் விடும். மிஷ்லேன் நிறுவனத்தின் காகித வரைபடம் இன்றைக்கும் கெட்டி. சிவப்புக் கோடு பெரிய சாலை, அந்தப் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் நடுத்தரம், ஓட்டலாம். வெள்ளைதான் நமக்கு. ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம். கோட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையில் ஏற்றம்: ஒரு அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல், அங்கே எதிர்த்திசையில் வருகிற மாதிரி பயணத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாலை எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'என்' (N) என்று தொடங்கினால் தேசிய சாலை, 'டே' (D) என்றால் மாவட்டச் சாலை, 'சே' (C) என்றால் ஊராட்சிச் சாலை. எண் பலகையும் அதே வரிசையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை. 'டே' எல்லாம் சின்னச் சாலை என்று நினைத்துவிட வேண்டாம். 2006 இல் தேசிய சாலைகளில் பெரும்பகுதியை அரசு மாவட்டங்களின் தலையில் கட்டியது, எழுத்து மாறியதே தவிர லாரிகள் மாறவில்லை. லிமோஜிலிருந்து ஓபுஸ்ஸோன் போகும் டே 941 அப்படிப்பட்டது, அது பழைய என் 141. பொதுவாக 600, 800, 900, 1000 வரிசை எண்களைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். எண்ணுக்குப் பின்னால் இன்னொரு எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் நடுவில் புல் முளைத்த தார்ச்சாலையாக இருக்கும். போய்த்தான் பாருங்களேன்.

எனக்குப் பிடித்த வழி ஏமூத்தியேயில் தொடங்கும். லிமோஜிலிருந்து உஸ்ஸேல் போகும் சின்ன ரயில் அங்கே நிற்கும், வியேன் ஆற்றங்கரை ஊர். அங்கிருந்து பெரா-லெ-ஷாத்தோ வழியாக வாஸ்ஸிவியேர் ஏரிக்கு ஏற வேண்டும். சுமார் 1000 ஹெக்டேர் ஏரி, மின்சாரத்துக்காக 1950 வாக்கில் அணை கட்டி உண்டாக்கியது. ஆகஸ்டில் மணல் கரைகளில் கூட்டம் இருக்கும். ஏரியை விட்டுக் கிழக்கே திரும்பியதும் மில்வாஷ் பீடபூமி, அத்தோடு கூட்டம் முடிந்தது. வியேன், க்ரூஸ், வெஸேர் ஆறுகள் எல்லாம் இந்த மேட்டில்தான் பிறக்கின்றன. அதனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஓடைக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கும். உச்சியே 976 மீட்டர்தான் என்று அலட்சியமாகப் போனால் தொடை கணக்குத் தீர்த்துவிடும். நாள் முழுக்க இப்படியே ஏறி இறங்கினால் சாயங்காலம் ஒரு மலை ஏறிய கணக்கு வந்துவிடும். சைக்கிள் வீரர் ரேமோன் புலிதோர் 1936 இல் பிறந்தது இந்த மாவட்டத்தில்தான். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போடாத மனிதர். இந்த ஊர்ச் சாலைகளில் ஓட்டிப் பழகியவருக்கு அப்படி ஒரு பிடிவாதம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பீடபூமியில் ஜான்சியூ என்ற ஊரில் கட்டாயம் இறங்குங்கள். போரில் இறந்தவர்களுக்கு பிரான்ஸில் ஊருக்கு ஊர் நினைவுச்சின்னம் உண்டு, பெரும்பாலும் வீரம், தாய்நாடு என்றுதான் எழுதியிருக்கும். இங்கே பள்ளிக்கூட அங்கி போட்ட அநாதைச் சிறுவன் ஒருவன் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறான், இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே 'போர் நாசமாய்ப் போக' என்று செதுக்கியிருக்கிறார்கள். 1922 இல் இதை வைக்க இந்தச் சின்ன ஊருக்கு நெஞ்சுரம் இருந்திருக்கிறது. அங்கிருந்து ஃபெல்தான், பிறகு பத்து கிலோமீட்டரில் சுவரில் தொங்கவிடும் சித்திரச் சீலை நெசவுக்குப் பேர்போன ஓபுஸ்ஸோன். அந்தக் கடைசித் துண்டில் கொஞ்சம் கார் உண்டு. மற்றபடி காட்டிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரிகள்தான் பீடபூமியில் தொந்தரவு. சத்தம் தூரத்திலேயே கேட்கும், ஓரமாக நின்றுவிடுங்கள்.

நேரம் முக்கியம். பகல் 12 முதல் 2 வரை ஊரே சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும், கார் ஓட்ட ஆள் இருக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம், கொஞ்சம் பெரிய மஞ்சள் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அப்போது கடந்துவிடுங்கள். ஆனால் அதே நேரத்தில் கடையும் பூட்டியிருக்கும், மூன்று மணிக்குப் பசித்தால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மர லாரி கிடையாது, மதியத்துக்கு மேல் ரொட்டிக் கடையும் கிடையாது. திங்கள் பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. நான் கிளம்பும் முன் பாரிஸில் லா ஷப்பெல் தமிழ்க் கடையில் கடலை மிட்டாய் வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொள்வேன். ஓட்டக்காரர்களுக்கென்று விற்கிற பாக்கெட் ஜெல்லைவிட அது எவ்வளவோ மேல், விலையும் மலிவு.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள், குடிக்கத் தகாத நீர் என்று பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் பிடித்துக் குடித்தேன் என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

சாலைவிதியில் ஒன்றை மறக்க வேண்டாம். ஊருக்குள் வேறு பலகை இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஊர்ச்சாலையிலிருந்து டிராக்டர்காரர் இடவலம் பார்க்காமல் வருவார், சட்டம் அவர் பக்கம். ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கே ஏறிப் போகிறார்கள். கோடையில் 'கிராவியோன்' என்று பலகை பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், புதுத் தார் மேல் சல்லியைக் கொட்டிவிட்டு வண்டிகளே அழுத்தட்டும் என்று போயிருப்பார்கள். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு வராதீர்கள்.

மாதம்? ஜூன், இல்லையென்றால் செப்டம்பர் தொடக்கம். அதற்கு மேல் வேட்டைக் காலம், காட்டோரத்தில் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்வது நல்லது. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸிலிருந்து லிமோஜ் ரயிலில் சைக்கிளுக்கு முன்கூட்டியே காசு கட்டி இடம் பிடிக்க வேண்டும், கொக்கிகள் சிலதான் இருக்கும், வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். லிமோஜிலிருந்து மேலே போகும் சின்ன ரயிலில் இடம் இருந்தால் சும்மா ஏற்றிக்கொள்ளலாம்.