காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போன பூனை ரத்தம்

குட்டிப் பூனைக்கு எஃப்ஐவி (பூனைக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸ்) பாசிட்டிவ் என்று டெஸ்ட் கிட்டில் கோடு விழுந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இதை யாரும் முதலிலேயே சொல்லாததால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

புதிதாக வந்த நாலு மாதக் குட்டியை வீட்டுப் பூனைகளோடு விடும் முன் எஃப்ஐவி, பூனை லுக்கேமியா வைரஸ் இரண்டையும் கிட்டில் பார்த்தோம். லுக்கேமியா நெகட்டிவ். எஃப்ஐவி பக்கம் மங்கலாக ஒரு கோடு. "எய்ட்ஸ்தாங்க, ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார் கிளினிக் உதவியாளர், ஏதோ டோக்கன் கொடுக்கிற மாதிரி. வீட்டில் ஆச்சி, "ஏத்தா, வளவுக்குள்ள விட்டுடாத, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். மனிதருக்கு இது ஒட்டாது. பூனைக்குப் பூனைகூடப் பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பரவும்.

தெரிந்த மருத்துவர் ஒருவர்தான் போனில் விளக்கினார். லுக்கேமியாவுக்கு அந்தக் கிட் வைரஸின் புரதத்தையே தேடும். எஃப்ஐவிக்கு ஆன்டிபாடியைத்தான், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதத்தைத்தான் பார்க்கும். தாய்ப்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியின் உடம்பில் ஆறு மாத வயதுவரைகூட இருக்கலாம்; அதனால் குட்டிக்கு வைரஸ் இல்லாமலே கோடு விழலாம். அவசரமென்றால் வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்ட் செய்யலாம்; அது நெகட்டிவ் என்றாலும் குட்டிக்கு ஆறு மாத வயது தாண்டியதும் ஆன்டிபாடி டெஸ்டைத் திரும்பப் பார்த்துவிடுங்கள் என்றார்.

சரி, பிசிஆர். உள்ளூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், "பூனை ரத்தமா? எங்க மெஷின்ல போட முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சென்னை லேபுக்கு அனுப்பிய முதல் சாம்பிள் உறைந்து கட்டியாகிவிட்டது என்று நிராகரிக்கப்பட்டது. கிளினிக்கில் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்திருந்தார்கள்! வேண்டியது ஊதா மூடி, அதாவது ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள குழாய். எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. எந்த மூடி, எத்தனை மில்லி என்று ஊசி குத்துவதற்கு முன்பே லேபுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பாவம், குட்டிக்கு மறுபடியும் கழுத்தில் முடி மழித்தார்கள்.

இரண்டாவது முறை கூரியர்காரர் ரத்தமென்றதும் பெட்டியைத் திருப்பித் தள்ளினார். பல்லவன் ரயிலில் சென்னை போன உறவுக்காரப் பையனிடம் தெர்மோகோல் பெட்டியைக் கொடுத்துவிட்டோம். ஐஸ் பேக் குழாயை நேரடியாகத் தொடாமல் துண்டு சுற்றி வையுங்கள். ரத்தம் ஐஸாகிவிட்டால் செல்கள் உடைந்துவிடும்.

பிசிஆர் நெகட்டிவ். ஆறு மாத வயது தாண்டிப் பார்த்த ஆன்டிபாடியும் நெகட்டிவ். ரிப்போர்ட் வந்ததும் விலங்கின் பெயரையும் பாருங்கள். எங்கள் பிசிஆர் ரிப்போர்ட்டில் 'நாய்' என்று அச்சிட்டிருந்தார்கள். திருத்தி வாங்க அதற்கொரு சண்டை.