சறுக்குமரமாகும் சாய்வுதளம்

மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்குச் சேரப்போகிறார் என்றதும் பல அலுவலகங்களில் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை. வாசலில் இரண்டு படி இருக்கிறது, ஒரு சாய்வுதளம் போட்டுவிடலாம் என்று முடிவாகும். நல்ல எண்ணம்தான். கோளாறு அளவில் வரும்.

கணக்கு எளிது. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்றால் இரண்டு படிக்கு 30 செ.மீ.; சாய்வுதளம் 3.6 மீட்டர் ஓட வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நம் ஊர்க் கட்டடங்களில் அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். இருக்கிற 4 அடிக்குள் போட்டு முடித்துவிடுவார்கள். அது சரக்கு வண்டி தள்ளத்தான் உதவும். சக்கர நாற்காலியில் தன் கைபலத்தில் ஏறுபவர் பாதியில் பின்னால் சரிவார். இறங்கும்போது இன்னும் மோசம். இடம் இல்லையென்றால் சாய்வுதளத்தைச் சுவரோரமாகத் திருப்பி, திருப்பத்தில் 1.5 மீட்டர் சமதளம் விட்டுக் கட்டலாம். அகலம் 1.2 மீட்டராவது வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறு தடுப்பு. மேலே பளபளப்பான கிரானைட் வேண்டவே வேண்டாம். ஒரு மழைக்குப் பிறகு அது சறுக்குமரம். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் போதும், விலையும் குறைவு.

இத்தனையும் சரியாகச் செய்த இடத்தில்கூட சாய்வுதளத்தின் அடியில் நான்கு பைக் நிற்கும். ஒரு 'நோ பார்க்கிங்' பலகையும் காவலாளியிடம் ஒரு வார்த்தையும் இல்லாமல் கட்டுமான வேலை முடிந்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

கழிப்பறைக்கு வருவோம். அதிகம் பிழையாவது இங்கேதான். கதவுக்கு 90 செ.மீ. அகலம் தேவை; வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் நாற்காலி உள்ளே போனபிறகு கதவைச் சாத்த முடியாது. உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டம், இருக்கையின் உயரம் 45 முதல் 48 செ.மீ. பிடிமானக் கம்பி பெயருக்கு இருந்தால் போதாது. ஒரு ஆளின் முழு எடையும் அதில் விழும். துண்டு தொங்கவிடும் கம்பிக்கு அடிக்கிற ஸ்க்ரூவை இதற்கும் அடித்தால், நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுகிற நொடியில் சுவரோடு பெயர்ந்து கையில் வரும். பிறகு, அந்த அறையைத் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கும் இடமாக்குவதும், பூட்டிச் சாவியை வேறொரு தளத்தில் வைப்பதும். கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் உண்டு. உடம்பு கெட்டு அவர்கள் விடுப்பு எடுத்தால், 'அடிக்கடி லீவு' என்று குறிப்பு எழுதுவோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சக்கர நாற்காலி அதில் ஒரு மூலைதான். தொழுநோயிலிருந்து குணமானவரும் பட்டியலில் இருக்கிறார். விரல்ரேகை தேய்ந்துபோன அவருக்கு வாசலில் இருக்கும் பயோமெட்ரிக் கருவி தினமும் 'ஆப்சென்ட்' போடும். அவருக்கு ஒரு கார்டு கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. செலவே இல்லாத மாற்றம். சட்டம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்: பொதுவான வசதிக்கு அப்பால், குறிப்பிட்ட ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான நியாயமான மாற்றம்.

பார்வையற்றவர் விஷயத்தில் தமிழ் அலுவலகங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. கணினித் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதில் என்விடிஏ என்பது இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் யூனிகோடில் அடித்த தமிழை மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவைக் கைவிடாத மேசைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த தொல்லை சுற்றறிக்கை. அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பார்வையற்ற ஊழியருக்கு வந்து சேர்வது ஒரு வெற்றுப் படம். அதே செய்தியை எழுத்தாகக் கீழே ஒட்ட ஒரு நிமிடம் ஆகும். எக்செல் படிவங்களில் கட்டங்களை இணைத்து அழகுபடுத்துவதையும் விடுங்கள். எந்த எண் எந்தத் தலைப்புக்குரியது என்பது திரைவாசிப்பில் குழம்பிப்போகும்.

காது கேளாதவரிடம் 'நான் மெதுவாகப் பேசுகிறேன், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்' என்பது நடக்காத காரியம். 'பாடு', 'மாடு' இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். முக்கியமான கூட்டத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவை. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் கூட்டமென்றால் இருவர், மாறி மாறி. தனியாகச் செய்பவர் களைத்ததும் பெயர்ப்பில் வார்த்தைகள் விழுந்துபோகும். அன்றாடப் பேச்சுக்கு எழுதிக்காட்டுவது போதுமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

காகித வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்தப் பணியிடங்கள் பொருந்தும் என்ற பட்டியலும் இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் அதில் கட்டாயம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அபராதத்தைவிட என்னை உறுத்துவது அந்தப் பணியிடப் பட்டியல். டெலிபோன் ஆபரேட்டர், டேட்டா என்ட்ரி என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்காளராக, நிரல் எழுதுபவராக, மேலாளராக வரக்கூடியவருக்கு அங்கேயே கதவு சாத்தப்படுகிறது. பட்டியலைக் குறைபாட்டிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குங்கள்: இந்த வேலையில் என்னென்ன செய்ய வேண்டும், அதில் எது எந்தக் கருவியால் முடியும், எதை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தீ ஒத்திகை. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். நான்காவது மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்படி இறங்குவார்? இதற்கென்றே படிக்கட்டில் இறக்கும் நாற்காலி உண்டு. அதை வாங்கி மாடியிலேயே வைத்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவருக்குப் பழக்கிவிட வேண்டும். ஒருவர் விடுப்பில் போவார் என்பதால் மூன்றாவதாக ஒருவருக்கும். காது கேளாதவர்கள் இருக்கும் அறையிலும் கழிப்பறையிலும் மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். ஒத்திகை நாளில் எல்லோரும் கீழே இறங்கி எண்ணிக்கை எடுக்கும்போது, சக்கர நாற்காலியில் இருப்பவரை மட்டும் "நீங்க இருங்க சார், இது சும்மா ஒத்திகைதானே" என்று மாடியிலேயே விட்டுவருகிறார்கள். படிக்கட்டில் இறக்கும் நாற்காலியை முதன்முதலாக எப்படிப் பிரிப்பது, வாரை எங்கே இழுத்துக் கட்டுவது என்று தெரிந்துகொள்ள வேண்டிய நாளே அதுதான்.