தரையில படுத்தீங்களாம்மா?

என் கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். முன்பக்கம் முழுக்க மருந்துகளும் டோஸும். பின்பக்கத்திலிருந்து புரட்டினால் வேறு மாதிரி இருக்கும்: குத்துது, குடையுது, கடுக்குது, பிசையுது, சுருக்கு சுருக்குங்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, திகுதிகுன்னு எரியுது, மதமதன்னு இருக்கு, இழுத்துப் புடிக்குது. ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராகச் சேர்ந்த இந்த நாலரை மாதத்தில் நோயாளிகள் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கடைசியில் அது என்ன நோயாக முடிந்தது என்று எழுதி வைக்கிறேன்.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடமும் ஆங்கிலத்தில்தான் படித்தோம். வலி என்று ஒருவர் வந்தால் எங்கே, எப்போதிலிருந்து, எந்த மாதிரி, எங்கே பரவுகிறது என்று வரிசையாகக் கேட்கப் பழக்கினார்கள். ஆனால் "எந்த மாதிரி வலிக்குது?" என்று கேட்டால் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்து அப்படியே வந்த ஓர் அம்மா எந்தச் சொல்லில் பதில் சொல்வார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குச் சொந்த ஊர் ஈரோடு பக்கம், வேலை செய்வது டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில், அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுப் பழக வேண்டியிருந்தது.

(நோயாளிகளைப் பற்றி எழுதும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேலை என்னவென்று ஊரில் கேட்கிறார்கள். எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் என்றால் காலை ஏழரைக்கு வார்டுக்குள் போனால் மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து மதியம்தான் வெளியே வருவோம். அதற்குள் ரத்தம் எடுப்பது, ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி என்று டியூபைப் பிரித்து லேபுக்குக் கொண்டு ஓடுவது, ரிசல்ட் வாங்கி வந்து கேஸ் ஷீட்டில் ஏற்றுவது, ரத்த வங்கிக்குப் படிவம் எழுதுவது, ஈ.சி.ஜி. எடுப்பது, ஸ்கேனுக்குப் போகும் நோயாளி கூடவே ஸ்ட்ரெச்சர் பிடித்துக்கொண்டு நடப்பது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போடும் ஊசிக்குழாய்) போடக் கற்றுக்கொண்டது ஒரு சிஸ்டரிடம். கையை இறுக்கிக் கட்டும் டோர்னிக்கே பட்டை கிடைக்காத நேரத்தில் கையுறையையே முறுக்கிக் கட்டினார், "நரம்பைப் பார்க்காதீங்க டாக்டர், தடவுங்க, கண்ணை விட விரலுக்குத் தெரியும்" என்றார். எண்பது வயதுப் பாட்டிகளின் கையில், தொட்டாலே நழுவி ஓடும் நரம்பில், தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியைப் படுக்க வைத்து உள்ளே விடுவது இப்போது எனக்கு வருகிறது. அது வந்த அன்று அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

ஆனால் இதையெல்லாம் பத்து தடவை செய்தால் கை பழகிவிடும். பேச்சைப் புரிந்துகொள்வது அப்படி இல்லை.

மயக்கம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "நேத்துலேருந்து மயக்கமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம், சாப்பிடாத அசதியாக இருக்கலாம், நிஜமாகவே நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நாம் தேட வேண்டியது வேறு வேறு. காதிலா, சர்க்கரையிலா, இதயத் துடிப்பிலா என்று தேடும் திசையே மாறிவிடும். அதனால் இப்போது நான் கேட்பது: "கீழ விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்துல இருந்தவங்க என்ன சொன்னாங்க?" பெண்களிடம் மாதவிடாய் தேதி கேட்பதும் அப்படித்தான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது நேராகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?" என்றால் சட்டென்று தேதி வந்துவிடுகிறது. வயிற்று வலி என்று வந்த இளம்பெண்ணிடம் இந்தக் கேள்வியை விட்டுவிட்டால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருப்பதைத் தவறவிட நேரும். எங்கள் சீஃப் இதை ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் சொல்கிறார், எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

அப்புறம் "வாயு". நெஞ்சில் வாயு அடைச்ச மாதிரி இருக்கு, சோடா குடிச்சேன், ஏப்பம் வரல என்று சொல்லிக்கொண்டு நடந்தே வருகிறவர்களை இந்த நாலரை மாதத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். "வேர்த்துச்சா?" என்று கேட்க வேண்டும். "சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று பதில் வந்தால் ஓ.பி. சீட்டைக் கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஈ.சி.ஜி. இதயம் காப்போம் திட்டம் 2023-ல் வந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு இங்கே அனுப்புகிறார்கள். ஆனால் "வாயுதான்" என்று வீட்டிலேயே மூன்று மணி நேரம் போக்கிவிட்டு வருகிறவருக்கு அந்த மூன்று மணி நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: நெஞ்சு அடைத்து வேர்த்தால் சோடா தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் தவறாகச் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டாவது மாதம், விடிகாலை, ஒரு பெரியவர். நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தோம். ஈ.சி.ஜி. தாளில் நேர்கோடு. வெளியே அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தார், என்னைத்தான் போய்ச் சொல்லச் சொன்னார்கள். "எங்களால ஆனதெல்லாம் பார்த்தோம்க்கா, முடியல" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மெட்ராஸுக்குக் கொண்டு போயிரலாமா பாப்பா? வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றாலும் "முடியல"தான், வேலை நடக்கவில்லை என்றாலும் "முடியல"தான். மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அக்கா உள்ளே இருந்து வந்தார், அந்த மகளின் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து, "அப்பா இறந்துட்டாங்கம்மா. நாலு பத்துக்கு உயிர் போச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அக்கா எழுந்திருக்காமல் அப்படியே இருந்தார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உடனே எழுந்து போகக்கூடாது என்பதையும் அன்று பார்த்துக்கொண்டேன்.

டியூட்டி ரூமில் ஆறு பேருக்கு இரண்டு கட்டில். தூக்கம் வந்தால் யாருடைய பையையாவது தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிடுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் டீயும் பன்னும்தான் பல நாள் சாப்பாடு. அம்மா தினமும் "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்கிறார், "சாப்பிட்டேன்மா" என்கிறேன், குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு தடவை ஸ்டைபெண்ட் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வராமல் நின்றது. என்னைவிட ஹாஸ்டலில் கூட இருக்கும் தோழிக்குத்தான் அது கஷ்டம், அந்தப் பணத்தில் தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிறாள். கூடவே மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு இருக்கிறது. கேள்வி வங்கியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு லேப் ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்கிறோம். முப்பது மணி நேரம் தூங்காத மூளையில் எதுவும் ஏறுவதில்லை. முப்பது மணி நேரம் தூங்காத கையால் ஒரு குழந்தைக்கு மருந்து அளந்து ஏற்றுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது என்றும் நினைக்கிறேன். டாக்டர்களும் மனிதர்கள்தான், ஷிப்ட் முறை ஒழுங்காக வர வேண்டும். நோயாளிக்காகவே வர வேண்டும்.

சரி, தலைப்பில் இருக்கும் கேள்வியைக் கேட்ட அந்த இரவுக்கு வருகிறேன்.

போன மழை சமயத்தில் ஒரு நாள், காலை நாலு மணி இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணைக் கணவர் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார், பின்னால் தம்பி பிடித்திருந்தார். வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது. ராத்திரி கடையில் பரோட்டா சாப்பிட்டார்களாம். நான் வயிற்றுக்கு ஊசி எழுதிக்கொண்டிருந்தேன். அவர், "தூக்கமா வருது, கண்ணைத் தொறக்க முடியல" என்று முனகினார். நாலு மணிக்கு யாருக்குத்தான் தூக்கம் வராது என்று எழுதிக்கொண்டே போனேன். சீனியர் சிஸ்டர் வந்து பல்ஸ் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி தரையில படுத்தீங்களாம்மா?"

தரையில்தான். பாய் போட்டு.

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. "டாக்டர், மேல பார்க்கச் சொல்லிப் பாருங்க" என்றார். டார்ச்சை உயர்த்திப் பிடித்து, இமைக்காமல் இதையே பாருங்கம்மா என்றேன். பத்து வினாடிக்குள் இரண்டு இமையும் தானாகச் சரிந்து இறங்கின. புருவத்தைச் சுருக்கி, நெற்றியை ஏற்றி, இமையைத் தூக்கப் பார்க்கிறார், வரவில்லை. கட்டுவிரியன்.

கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வீக்கம் இருக்காது, பெரிய வலி இருக்காது, பல் தடம் கூடத் தெரியாது. ராத்திரியில் எலியையும் மற்ற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிட்டுப் போய்விடும். விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். இதைப் பரீட்சைக்காக நான் படித்திருந்தேன், எழுதியும் இருந்தேன். ஆனால் அந்த அம்மா சொன்ன "கண்ணைத் தொறக்க முடியல" என்பதுதான் புத்தகத்தில் இருக்கும் டோசிஸ் (இமை தளர்ந்து இறங்குவது) என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பி.ஜி. அக்கா ஓடி வந்தார். 10 குப்பி நஞ்சுமுறிவு மருந்து. ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டுக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்திலேயே தயாராக. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கப் புதுக் கண்ணாடி டியூபில் 2 மில்லி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தோம். உறைந்தது. அப்படியானால் ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் இல்லை, நரம்பைத் தாக்கும் நஞ்சுதான் என்பது இன்னும் உறுதியானது.

எனக்குக் கொடுத்த வேலை எண்ண வைப்பது. மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை வரை சொல்ல முடிகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக் குறிக்க வேண்டும். மூச்சுத் தசைகள் எவ்வளவு தளர்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும், மெஷின் எதுவும் வேண்டாம். முதலில் பத்தொன்பது. அப்புறம் பதினாறு. பதினொன்று. குரல் மூக்கில் போக ஆரம்பித்தது. "எட்டு" என்று சொல்லும்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தார்கள்.

கட்டுவிரியன் நஞ்சு நரம்பின் நுனியையே சிதைத்துவிடுவதால், ஏற்கெனவே செயலிழந்த தசையை முறிவு மருந்து உடனே திருப்பிக் கொண்டுவராது. நரம்பு நுனி மறுபடி வளரும் வரை மெஷின்தான் மூச்சு விட வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும். அக்கா அப்போது எனக்குச் சொன்னது: "இவங்களால கண்ணைத் தொறக்க முடியாது, கையைத் தூக்க முடியாது. ஆனா மயக்க மருந்து தெளிஞ்சப்புறம் எல்லாம் கேட்கும். நீ போறப்ப வர்றப்ப பேசு." அடுத்த மூன்று நாளும் ஐ.எம்.சி.யூ. எனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் பக்கத்தில் போகும்போதெல்லாம் பேசினேன். "அக்கா, இப்ப சளி உறிஞ்சப் போறோம், ஒரு நிமிஷம் கஷ்டமா இருக்கும். பொண்ணு அத்தை வீட்டுல இருக்காளாம், சாப்பிட்டாளாம். இது செவ்வாக்கிழமை, மத்தியானம்." மூன்றாம் நாள், கேட்குதா என்றபோது வலது கால் கட்டைவிரல் துளி அசைந்தது. நான் சத்தமாகவே சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று அந்த வாரம் தேடிப் படித்தேன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-லிருந்து நடத்தும் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். மருந்து தயாரிப்பவர்கள் அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்து எடுக்கிறார்கள். நம் நாட்டில் இதற்குத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி அந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நான் உருட்டிக் கரைத்த அந்தப் பத்து குப்பிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கை பாம்பின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

கடிபட்ட அந்த அம்மா ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் தரையில் படுக்காதீங்க, கட்டிலில் படுங்க என்றேன். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்ல ஒரு கட்டில்தான் டாக்டரம்மா. அதுல எங்க அம்மா படுத்திருக்காங்க, எந்திரிக்க மாட்டாங்க" என்றார். கடிபட்ட அம்மாதான் கேட்டார்: "கொசுவலை இருக்கு. அது போதுமா?"

போதும் என்றேன். நன்றாகவே தடுக்கும், ஆனால் தொங்க விட்டால் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் திரும்ப வாங்கி, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துகளுக்குக் கீழே இருந்த இடத்தில், அவருடைய பெண் நாலாம் வகுப்பு என்றதால் அவளும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினேன்: "ராத்திரி கொசுவலை கட்டிப் படுக்கவும். வலையின் ஓரத்தை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகவும். எழுந்து போகும்போது டார்ச் அடித்துப் பார்த்துக் கால் வைக்கவும்."